ஐந்நூற்றுப் பன்னிருவர் குழு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணக்கு எழுதுபவர் ஒருவர். அதைச் சரிபார்ப்பவர் இன்னொருவர். கூட்டுறவுச் சங்கமாயினும் பெரிய வங்கியாயினும் இதுவே வழக்கம். எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கணக்கு எழுத ஒரு தனி எழுத்தர் இல்லை. சரிபார்க்க ஒரு தனித் தணிக்கையாளர் இல்லை. தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடமும் இல்லை. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் சேர்ந்து ஒரே பேரேட்டை எழுதி, ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன என்றால் வியப்பாக இல்லையா? அத்தகைய பேரேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறோம். அவற்றுள் பெரியவற்றில் ஒன்று எத்தீரியம். அதில் 27 மணி நேரமே ஆயுள் உள்ள ஒரு குழு, அமைவதும் கலைவதுமாக ஓயாமல் இயங்கி வருகிறது. அக்குழு எதற்காக, அதில் இடம் பெற்றவர் தம் பணியை எவ்வாறு கண்காணிக்க வேண்டும் என்பதைக் கூறவே இக்கட்டுரை. ஈதர் நாணயத்தை வாங்கலாமா, விற்கலாமா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அதைப் பேசுவதற்கு ஊரில் வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள்!

பிணை வைத்தவர்கள்

எத்தீரியம் 2015 ஜூலை 30-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அப்போது கடினமான கணக்குப் புதிர் ஒன்றை முதலில் விடுவிக்கும் கணிப்பொறிக்கே ஏட்டின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை கிடைத்தது. இதற்குச் செலவான மின்சாரம் கொஞ்சநஞ்சமன்று. 2020 டிசம்பர் 1-ஆம் நாள் ‘பீக்கன் செயின்’ என்னும் புதிய தொடர் அதன் அருகிலேயே தொடங்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அன்றோடு புதிர்ப் போட்டி ஒழிந்தது. மின்செலவும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

புதிரின் இடத்தில் வந்தது பிணைத்தொகை. குறைந்தது 32 ஈதரைப் பிணையாகக் கட்டுபவர் ‘வேலிடேட்டர்’, அதாவது சரிபார்ப்பாளர் ஆகலாம். ஒழுங்காக வேலை செய்தால் ஊதியம் உண்டு. வேலைக்கு வராவிட்டால் தண்டம். முன்னுக்குப் பின் முரணாக இரண்டு இடத்தில் வாக்களித்தால் பிணையிலேயே ஒரு பகுதி வெட்டப்பட்டு வெளியேற்றம். 32 ஈதர் என்பது இன்றைய விலையில் பல இலட்சம் ரூபாய். என்னைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கக்கூட இயலாத தொகை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரிபார்ப்பாளர் என்றவுடன் ஓர் ஆளையோ ஒரு கணிப்பொறியையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓர் இரகசியச் சாவி, அதற்குரிய பிணை, பட்டியலில் அதற்கு ஒரு வரிசை எண், இவ்வளவே சரிபார்ப்பாளர். ஒரே கணிப்பொறியில் நூறு சாவிகளும் இருக்கலாம். வீட்டு மூலையில் ஒரே ஒரு சாவியை வைத்து ஓட்டுகிறவரும் உண்டு. பல்லாயிரம் சாவிகளை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

இந்தப் பேரேட்டில் காலம் 12 வினாடிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூறுக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். 32 ஸ்லாட் சேர்ந்தது ஓர் ‘எபோக்’. அதாவது 6 நிமிடம் 24 வினாடி. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு சரிபார்ப்பாளர் ஏட்டின் அடுத்த பக்கத்தை முன்வைப்பார். ஒவ்வோர் எபோக்கிலும் எல்லாச் சரிபார்ப்பாளர்களும் ஒருமுறை வாக்களிப்பார்கள். இது அன்றாட வேலை. நாம் பேச வந்த குழு இதற்கு மேற்பட்டது.

குழு எதற்கு?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வரையில், என் பாட்டி தம் வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் போகும் படித்தவர் யாரிடமாவது நீட்டி, “எவ்வளவு இருக்குன்னு பாருப்பா” என்று கேட்பார். அவர் சொல்வதுதான் தொகை. யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் கூற வரவில்லை. சொல்லியிருந்தாலும் பாட்டிக்கு அதை அறிய வழியில்லை.

இன்று கைப்பேசியில் எத்தீரியம் கணக்கைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பாட்டியின் நிலையில்தான் இருக்கிறார்கள். பேரேடு முழுவதையும் சேமித்துச் சரிபார்க்கக் கைப்பேசியால் ஆகாது. ஆகவே ஏதாவது ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியைக் கேட்கிறது. அது சொன்னதைத் திரையில் காட்டுகிறது. யாரையும் நம்பத் தேவையில்லாத ஏடு என்று பெருமை பேசிக்கொண்டு, கடைசியில் நடுவே நிற்கும் ஒருவரை நம்புவதா? இந்த முரண்பாட்டைப் போக்கவே ஒத்திசைவுக் குழு ஏற்படுத்தப்பட்டது.

அது வந்தது 2021 அக்டோபர் 27-இல், ‘ஆல்டேர்’ என்ற மாற்றத்தின்போது. (பீக்கன் செயினின் மாற்றங்களுக்கு விண்மீன்களின் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். ஆல்டேர் வேறு எதுவுமன்று, நம் பஞ்சாங்கத்தின் திருவோணத்தில் ஒளிமிக்க மீன்தான்.) பல இலட்சம் சாவிகளின் வாக்குகளைக் கைப்பேசி சரிபார்க்க முடியாது, சரி, 512 சாவிகளை மட்டும் தேர்ந்தெடுப்போம். ஏட்டின் தலைப்பக்கம் இதுதான் என்று அவர்கள் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் கையொப்பம் இடட்டும். கைப்பேசி அந்த 512 பேரை மட்டும் அறிந்திருந்தால் போதும். இதுதான் திட்டம்.

ஒரு பொதுச்சாவியின் அளவு 48 பைட். 512 பேருக்கு 24,576 பைட். ஒரு நல்ல புகைப்படத்தின் அளவில் இது நூற்றில் ஒரு பங்குகூட வராது. 27 மணி நேரத்துக்கு ஒருமுறை இவ்வளவைத் தரவிறக்கிக்கொண்டால் போதும். கையொப்பங்களோ இன்னும் சிக்கனம். பயன்படுத்தப்படும் கணித முறையில் 512 கையொப்பங்களையும் கூட்டி 96 பைட் உள்ள ஒரே கையொப்பமாக்கிவிடலாம்! அதனுடன் 512 கட்டம் உள்ள ஒரு வருகைப் பதிவேடும் ஒட்டப்படும். வந்தவர் கட்டத்தில் 1, வராதவர் கட்டத்தில் 0. கைப்பேசி செய்ய வேண்டியது, வந்தவர்களின் பொதுச்சாவிகளைக் கூட்டி, அந்த ஒரே கையொப்பத்துடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதே. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 342 பேராவது ஒப்பமிட்டிருந்தால் உறுதியான செய்தியாக ஏற்றுக்கொள்ளலாம். இப்போதைய குழு ஒப்பமிடும் பக்கத்திலிருந்தே அடுத்த குழுவின் பட்டியலையும் மெய்ப்பித்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குப் படிப்படியாகத் தாவிச் சென்றுவிடலாம். இவ்வாறு இயங்கும் சிறு நிரல்களில் ஒன்று 2022-இல் வெளிவந்த ‘ஹீலியோஸ்’.

யார் தேர்ந்தெடுப்பது?

யாரும் இல்லை என்பதே விடை. சீட்டுக் குலுக்கல் என்றதும் நமக்கு உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வருவது இயற்கை. அங்கே ஊரார் கூடியிருக்க, ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தான். இங்கே கூட்டமும் இல்லை, குடமும் இல்லை. ஒவ்வொரு கணிப்பொறியும் தனித்தனியே குலுக்குகிறது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே 512 பெயர்களே வருகின்றன!

இது எப்படி? பக்கத்தை முன்வைக்கும் ஒவ்வொருவரும் தம் இரகசியச் சாவியால் அந்த எபோக்கின் எண்ணுக்கு ஒப்பமிட்டு, அதைப் பொதுவான ஒரு கலவை எண்ணுடன் கலக்கிறார். தம் விருப்பப்படி ஓர் எண்ணைக் கலக்க அவரால் முடியாது; ஒப்பம் எதுவோ அதுவே வரும். இப்படிப் பலர் கலந்த எண்தான் குலுக்கலுக்கு வித்து. அந்த வித்து எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றே ஆதலால் விடையும் ஒன்றே. வாய்ப்பு பிணைத்தொகைக்கு ஏற்ப அமையும். 2025 மே 7-இல் வந்த ‘பெக்ட்ரா’ மாற்றத்துக்குப் பின் ஒரே சாவியில் 2,048 ஈதர் வரை கணக்கில் கொள்ளப்படுவதால், அத்தகைய சாவிக்கு 32 ஈதர் சாவியைப் போல் 64 மடங்கு வாய்ப்பு. ஒரே சாவி ஒரே குழுவில் இரண்டு இடம் பெறுவதும் நடக்கக்கூடியதே.

குழுவின் காலம் 256 எபோக்; அதாவது 8,192 ஸ்லாட்; அதாவது 27 மணி 18 நிமிடம் 24 வினாடி. ஒரு குழு பணியேற்கும் தருணத்தில் அதற்கு அடுத்த குழு தேர்ந்தெடுக்கப்பட்டுவிடும். ஆகவே ஏறத்தாழ 27 மணி நேரம் முன்னதாகவே தம் பெயர் வந்திருப்பதை ஒருவர் அறிய இயலும். அதற்கு அடுத்த குழுவைப் பற்றி இன்றே அறிய வழியில்லை.

கொஞ்சம் கணக்கு

கணித மாணவன் கணக்குப் போடாமல் போகலாமா? 32 ஈதர் வீதம் 10 இலட்சம் சரிபார்ப்பாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். (2025-இல் மொத்தப் பிணை இதைவிடச் சற்று மிகுதி.) ஒரு சாவி ஒரு குழுவில் இடம் பெறும் நிகழ்தகவு 512-ஐ 10 இலட்சத்தால் வகுத்தது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 321 குழுக்கள் அமைகின்றன. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 0.164 முறை. அதாவது சராசரியாக 6 ஆண்டுக்கு ஒருமுறை! நாம் வகுப்பில் படிக்கும் பாய்சான் பரவலைக் கொண்டு பார்த்தால், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் ஒருமுறையேனும் அழைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. ஆறு ஆண்டு முழுதும் காத்திருந்தும் அழைப்பே வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தேழு. நேற்றுப் பணி முடித்தவருக்கு இன்றே மீண்டும் வரவும் தடையில்லை. குலுக்கலுக்கு நினைவு கிடையாது.

இனி ஊதியம். பேரேடு வழங்கும் ஊதியம் 64 பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அன்றாட வாக்குகளுக்கு 54 பங்கு, பக்கத்தை முன்வைப்பவருக்கு 8, ஒத்திசைவுக் குழுவுக்கு 2. இரண்டே பங்குதானே என்று எண்ண வேண்டாம். அந்த 54 பங்கு 10 இலட்சம் பேருக்குப் பிரிகிறது. இந்த 2 பங்கோ 512 பேருக்கு மட்டும். விகிதத்தைக் கண்டால் 72 மடங்கு வருகிறது. குழுவில் ஒரு மணி நேரம் பணியாற்றினால், வாக்களித்து மூன்று நாளில் பெறும் ஊதியம் அந்த ஒரு மணியில் கிடைத்துவிடும்.

இதன் மறுபக்கம்தான் கவனிக்கத்தக்கது. அன்றாட வாக்கில் தவறினால் வரும் தண்டம் பெறவேண்டிய ஊதியத்தைவிடச் சற்றுக் குறைவு. குழுப்பணியில் தவறினாலோ, ஊதியம் போவதுடன் அதே அளவு தொகை தண்டமாகவும் கழியும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் மூன்று நாள் ஊதியம் வராது. மூன்று நாள் ஊதியம் கையிலிருந்தும் போகும். சாதாரண நாளில் ஒரு மணி நேரம் கணிப்பொறி நின்றால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்த 27 மணி நேரத்தில் அப்படி இருக்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும். 10 ஆயிரம் சாவிகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, மேற்சொன்ன கணக்கின்படி, எந்தக் குழுவிலும் சராசரி ஐந்து இடம் இருக்கும். அவர்களுக்கு இது தினசரி வேலை. இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஊழியர்கள் உண்டு. ஒற்றைச் சாவிக்காரருக்கோ ஆறு ஆண்டுக்கு ஒரு நாள். பழகிக்கொள்ள வாய்ப்பே இல்லாத வேலை, முன்னறிவிப்பு ஒரு நாள், தவறினால் இரட்டை இழப்பு. குலுக்கல் இருவரையும் ஒன்றாகத்தான் நடத்துகிறது. ஆயினும் பணியின் சுமை இருவருக்கும் ஒன்றன்று. ஆகவே கண்காணிப்பு என்ற சொல் முதலில் இந்த ஒற்றைச் சாவிக்காரருக்கே உரியது என்பது என் கருத்து.

அழைப்பை அறிதல்

பேரேடு யாருக்கும் கடிதம் போடுவதில்லை. சாவியை இயக்கும் நிரல் தனக்குப் பணி வந்திருப்பதைத் தானே அறிந்து ஒப்பமிடத் தொடங்கிவிடும். லைட்ஹவுஸ், பிரிசம், டெக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார் என எந்த நிரலானாலும் அப்படியே. அறியாமல் இருப்பவர் அதன் உரிமையாளர்தான்! அன்று மாலையே நிரலைப் புதுப்பிக்கலாம் என்று கணிப்பொறியை அணைத்துவிடுவார். ஆதலால் நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பது எளிது. நடப்பு எபோக்கின் எண்ணை 256-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளினால் நடப்புக் குழுக்காலத்தின் எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக எபோக் 4,00,000. வகுத்தால் 1,562, மீதி 128. அக்காலம் எபோக் 3,99,872-இல் தொடங்கியது. அடுத்தது 4,00,128-இல் தொடங்கும். இடையே உள்ளவை 128 எபோக். அதாவது 13 மணி 39 நிமிடம் 12 வினாடி. (ஆல்டேர் தொடங்கிய எபோக் 74,240. அதுவும் 256-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 290.) நம் கணிப்பொறியில் ஓடும் பீக்கன் நிரலிடம், அடுத்த காலத்தில் விழும் ஓர் எபோக்கைக் குறிப்பிட்டு, குழுப் பட்டியலைக் கேட்டால் 512 வரிசை எண்களையும் தரும். அதில் நம் எண் உண்டா என்று பார்க்க வேண்டியதுதான். ஒரு சிறு நிரலை எழுதி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வியைக் கேட்கச் செய்து, ஆம் என்றால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டால் முதல் வேலை முடிந்தது. பேரேட்டைக் காட்டும் இணையதளங்கள் சிலவும் இந்த அறிவிப்பைத் தருகின்றன. ஆயினும் பிறரை நம்பாதிருக்க ஏற்பட்ட பணிக்குப் பிறர் அறிவிப்பை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணியில் இருக்கும்போது

ஒரு ஸ்லாட்டின் 12 வினாடியில் நடப்பதைப் பார்ப்போம். தொடக்கத்தில் புதிய பக்கம் வெளியாகிறது. குழு உறுப்பினர் அது கைக்கு வந்தவுடன், அல்லது 4-ஆம் வினாடிக்குள் வராவிட்டால் அதுவரை தாம் அறிந்த தலைப்பக்கத்துக்கு, ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். 512 பேரும் 128 பேர் கொண்ட நான்கு பிரிவாக இருப்பர். 8-ஆம் வினாடியில் ஒவ்வொரு பிரிவிலும் சிலர் தம் பிரிவின் ஒப்பங்களைக் கூட்டி அனுப்புவர். அடுத்த ஸ்லாட்டின் பக்கத்தை எழுதுபவர் நான்கையும் சேர்த்து வருகைப் பதிவேட்டுடன் ஏட்டில் ஏற்றுவார். இப்படி 8,192 முறை.

ஆகவே கணிப்பொறியின் கடிகாரம் இரண்டு வினாடி பிந்தினாலும் கெட்டது. இணையத்தின் நேரக் கணிப்பொறிகளுடன் கடிகாரத்தை ஒத்துப் பார்த்துக்கொள்வதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கண்காணிப்பில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. “ஒப்பத்தை அனுப்பினேன்” என்று நம் நிரல் எழுதும் குறிப்பு சான்றாகாது. அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம் அல்லவா? ஏட்டில் ஏறிய பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பட்டியலில் நம் எண் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, அத்தனையாவது கட்டம் 1 ஆக உள்ளதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்து எண்ணிவர வேண்டும். இரண்டு இடம் பெற்றிருந்தால் இரண்டு கட்டம். புரோமிதியூஸ், கிராஃபானா என்னும் நிரல்களைக் கொண்டு இந்த எண்ணிக்கையைப் படமாக வரைந்து வைத்துக்கொள்வோர் பலர்.

ஆனால் 0 தென்பட்டவுடன் பதறவும் கூடாது. அடுத்த பக்கத்தை எழுத வேண்டியவர் எழுதாமலே விட்டுவிட்டால் பதிவேடே இராது. அந்த ஸ்லாட்டுக்கு ஊதியமும் இல்லை, தண்டமும் இல்லை. பக்கம் 5-ஆம் வினாடியில் தாமதமாக வந்தால், 4-ஆம் வினாடியில் ஒழுங்காக ஒப்பமிட்டவர் முந்தைய பக்கத்துக்கு ஒப்பமிட்டிருப்பார். அந்த ஒப்பம் செல்லாது. அவர் வராதவராகவே கருதப்பட்டுத் தண்டம் கட்ட நேரும். யாரோ செய்த தாமதத்துக்கு வேலை செய்தவர் இழப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமன்றுதான், ஆனால் பதிவேட்டில் உள்ள 0, சோம்பியிருந்தவர் யார், ஏமாந்தவர் யார் என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறுவதை விட்டுவிடலாம். தொடர்ச்சியாக ஐந்தாறு ஸ்லாட் தவறினால்தான் ஆளை எழுப்பும்படி மணியை அமைக்க வேண்டும். நள்ளிரவில் வீணாக மூன்று முறை ஒலித்த மணியை நான்காம் முறை யாரும் மதிப்பதில்லை.

அது நிற்க. அழைப்பு வந்த நாளில் செய்யக் கூடாதவையும் சில உண்டு. நிரலைப் புதுப்பிப்பது, வட்டு மாற்றுவது போன்ற வேலைகளை 27 மணி நேரம் தள்ளிப் போடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அச்சத்தால் இன்னொரு கணிப்பொறியிலும் அதே சாவியைப் போட்டுத் துணைக்கு ஓட்டுவது. குழுப்பணியில் இரட்டை ஒப்பத்துக்குத் தனித் தண்டனை இல்லை. ஆனால் அதே சாவிதான் அன்றாட வாக்கையும் அளிக்கிறது. இரு கணிப்பொறிகளும் ஒன்றுக்கொன்று மாறாக வாக்களித்துவிட்டால் பிணை வெட்டப்படும். சில மணி நேர ஊதியத்தைக் காப்பதற்காக முதலையே இழந்த கதையாகிவிடும்.

பணியே வேண்டாம் என்று விலகிவிட முடியுமா? விலகல் விண்ணப்பம் நடைமுறைக்கு வந்தாலும், பட்டியலில் ஏறிய பெயர் இறங்காது. சரிபார்ப்பாளர் பதவி முடிந்த பிறகும் குழுக்காலம் முடியும் வரை ஒப்பமிட்டே தீர வேண்டும். இல்லையேல் தண்டம் தொடரும். விலகல் ஏற்கப்பட்டது என்று கண்டதும் கணிப்பொறியை அணைத்துவிடுபவர் இதைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குறை

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. குழு உறுப்பினர் வராமலிருந்தால் தண்டம் உண்டு. வந்து பொய்யான பக்கத்துக்கு ஒப்பமிட்டால் பிணை வெட்டு கிடையாது. 512 பேரில் 342 பேர் கூடிச் சதி செய்தால் கைப்பேசி ஏமாறும். குலுக்கலில் வந்தவர்கள் அத்தனை பேர் கூடிப் பேசி ஒன்றாவது மிகக் கடினம் என்பது உண்மையே. எனினும், நடுவில் நிற்கும் ஒருவரை நம்பும் நிலையிலிருந்து பாட்டியை விடுவிக்க வந்த குழுவுக்கு, பொய் சொன்னால் தண்டனை இல்லை என்பது நெருடுகிறது. இதைச் சீர்செய்யும் முன்மொழிவு ஒன்று 7657 என்ற எண்ணில் 2024-இல் முன்வைக்கப்பட்டது. இரு வேறு கதைக்கு ஒப்பமிட்டவரின் பிணையையும் வெட்டலாம் என்பது அதன் சாரம். எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. அது வந்தால் கண்காணிப்பவரின் பொறுப்பு இன்னும் கூடும். அப்போது தவறுவதால் போவது மூன்று நாள் ஊதியத்தோடு நிற்காது.

2025 டிசம்பரில்

2025 டிசம்பர் 3-ஆம் நாள் ‘ஃபுசாகா’ என்ற மாற்றம் எத்தீரியத்தில் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே பிரிசம் நிரலில் ஒரு பழுது வெளிப்பட்டது. காலங்கடந்து வந்த சில வாக்குகளைச் சரிபார்க்க, அந்நிரல் பழைய நிலைக்கணக்குகளை மீண்டும் மீண்டும் அடியிலிருந்து கூட்டத் தொடங்கியது. கணிப்பொறிகள் திணறின, அதை ஓட்டியவர்களின் ஒப்பங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அன்றாட வாக்குகளும் குழுவின் வருகையும் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்தன.

512-இல் முக்கால் பங்கு 384. கைப்பேசிகளுக்கு வேண்டியது 342. இடைவெளி நாற்பத்திரண்டே பேர்! வேறு நிரல்களை ஓட்டியவர்கள் தொடர்ந்து ஒப்பமிட்டதால் ஏடு நிற்கவில்லை. ஒரே நிரலை எல்லாரும் ஓட்டியிருந்தால் அந்த 384 பேரும் இருந்திருக்க மாட்டார்கள். பிரிசம் குழுவினர், ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்து நிரலை மறுபடி தொடங்குமாறு அன்றே அறிவித்தார்கள். மணி ஒலித்து, பதிவேட்டில் தொடர்ந்து விழும் 0-களைக் கண்டு, அந்த அறிவிப்பைத் தேடிப் படித்தவர் சில ஸ்லாட்டுகளை இழந்து நிரலை மறுபடி தொடங்கினால் போதும். அடுத்த பக்கங்களில் அவர் கட்டம் மீண்டும் 1 ஆகும். குழுவில் இருக்கும் செய்தியே அறியாதவரின் கட்டம், பழுது நீடித்த நேரமெல்லாம் 12 வினாடிக்கு ஒருமுறை 0 என்றே ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கும்.